ஜன்னலோரமும் அதற்கடுத்த இடமும்

கோமதிநாயகம் தெருமுனை திரும்பி மறைகிற வரைக்கும் பூரணம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவருக்கு ஒரு பழக்கம், நாலு எட்டு வைத்ததும் திரும்பி வந்து எதையாவது கேட்பார், கண்ணாடியை எங்கே வச்சேன், குடையை எடுத்துக்கிடவா என்று. பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் பின்படியில் எவனும் தொங்குகிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்த கழுத்து அது, ரிட்டயர் ஆகியும் அடங்கவில்லை. இன்றைக்குத் திரும்பவில்லை. சட்டைப் பையில் பட்டன் போன், கையில் மஞ்சப்பை, பைக்குள் ரெண்டு பேருடைய ஆதார் நகல், தளவாய் அண்ணாச்சியின் டூர் ஆபீசுக்குப் போகிறார், டெல்லி டூருக்கு இன்றோடு ஆள் சேர்ப்பது முடிகிறதாம், அட்வான்ஸ் கட்டி இடம் பிடித்துவிட்டு வருவாராம். போகட்டும், பையப் போகட்டும், வழியில் நாலு பேர் பேச்சுக் கொடுக்கட்டும், சங்கரநாராயணா, அந்த வாயாடி டைலர் இன்றைக்குக் கடையைத் திறந்திருக்கட்டும். பூரணம் உள்ளே வந்து குக்கரில் பருப்பைக் கழுவிப் போட்டு அடுப்பில் ஏற்றினாள், அடுப்படி ஜன்னலை ஒட்டிக் கிடந்த பஸ் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பஸ் சீட்டேதான். டிப்போவில் பழைய வண்டியைக் கழித்துப் போட்டபோது ஏலத்தில் எடுத்து வந்தது, ரெண்டு பேர் உட்காருகிற பச்சை ரெக்சின் சீட்டு, முதுகுப் பக்கம் எவனோ ஒரு காதல்காரன் பிளேடால் கீறின பெண்பிள்ளைப் பெயர் இன்னும் இருக்கிறது, பாவம் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமாகிப் பேரன்கூட இருப்பான். அந்தச் சீட்டில் பூரணம் ஒருத்திதான் உட்காருவாள், நட்ட நடுவில், காலை விரித்துக்கொண்டு, பக்கத்தில் முருங்கைக்கீரையோ முறமோ இருக்கும். அவருக்கு முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. இன்றைக்கு முறம் இருக்கிற இடத்தில் உளுந்து டப்பா இருந்தது, அதன்மேல் டச் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுத் தறி டக்கு டக்கென்று ஓடியது. அதற்கும் தன் நெஞ்சுக்கும் இன்றைக்கு ஒரே ஓட்டமாக இருப்பதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, இந்த வயசில் இது என்ன திருட்டுத்தனம், ஜாமீனுக்குக்கூட அவர்தானே வரவேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டின்போதே சொல்லிப் பார்த்தாள். டெல்லியில் போலீஸ் வேலையில் இருக்கிற தம்பி மகன் சங்கரலிங்கம் குவார்ட்டர்ஸ் வீடு வைத்திருக்கிறான், இந்தப் போனே அவன் வாங்கிக் கொடுத்ததுதான், அத்தை நீங்க டிக்கெட்ட மட்டும் போட்டு ஏறி வாங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன் என்கிறான், நாமளே போடுவோமே என்றாள். அவர் ரசத்தை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். “ஏளா, டிக்கெட்டுன்னா ஒருத்தன் குடுக்கணும், ஒருத்தன் வாங்கணும். நீயே குடுத்து நீயே வாங்கினா அதுக்குப் பேரு டிக்கெட்டா? அது பிள்ளைக சொப்பு வச்சு விளையாடுத மாதிரில்லா.” அத்தோடு விட்டாரா. கூட்டத்தோடு போனால்தான் போன மாதிரி என்றார், தளவாய் அண்ணாச்சி தலைகளை எண்ணி எண்ணிக் கூட்டிப்போய் எண்ணி எண்ணிக் கூட்டி வருவார் என்றார், தனியாப் போய் அங்ஙன எவன்கிட்ட என்ன பாஷையில வழி கேப்ப என்றார். எல்லாம் சரிதான். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை, அதுதான் கோபமாக வந்தது, தப்பாகப் பேசுகிற மனுஷனோடு சண்டை போட்டுவிடலாம். நீயேன் இவ்வளவு அடம் பிடிக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள், எப்படிச் சொல்வது, மருமகன் எடுத்தாயிற்று, முட்டிக்குத் தைலம் போடுகிற வயசு, இப்போது போய், வேண்டாம், அதை மனசுக்குள் சொல்லிப் பார்க்கவே காது சுட்டது. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

போன் திரையில் கட்டங்கள் வந்தன. எல்லாம் ஜெரினா சொல்லிக் கொடுத்தது. தெருக்கோடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஜெரினா, நானே போட்டுத் தாரேன் மதினி, நீங்க ஏன் கஷ்டப்படுதீங்க என்றுதான் சொன்னாள், இல்லட்டி நானே என் கையால போடணும், எப்படின்னு மட்டும் சொல்லு என்று பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைபோல் பார்த்துக்கொண்டு வந்தாள் பூரணம். முதல் பெயர் என்று ஒரு கட்டம், கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம். இங்கேதான் எல்லாரும் முழிப்பார்கள் என்று ஜெரினா சொல்லியிருந்தாள். நமக்கு ஏது கடைசிப் பெயர், ஒரே பெயர்தான், முன்னால் ஒரு எழுத்து, அதுவும் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா எழுத்து, பின்னால் புருஷன் எழுத்து. காசி டூருக்கு அண்ணாச்சி ஆபீசில் அவர்களே என்னத்தையோ எழுதி, பூரணம் என்பதற்குப் பின்னால் கோமதிநாயகத்தை ஒட்டிவிட்டார்கள், மதுரை ஏர்போர்ட்டில் உதட்டுக்குச் சிவப்புச் சாயம் பூசின பிள்ளை ஒன்று கோமதிநாயகம் மேடம், கோமதிநாயகம் மேடம் என்று கூப்பிட, இவர் எங்கிருந்தோ ஓடிவந்து “யெஸ் யெஸ்” என்று முன்னால் நின்றார். மொத்த வரிசையும் சிரித்தது. அந்தப் பிள்ளை பாவம் வாயைப் பொத்திக்கொண்டது. அன்றையிலிருந்து டூர் முடிகிற வரை அவருக்குக் கோமதிநாயகம் மேடம் என்றே பேராகிவிட்டது, கங்கைக் கரையில்கூட மேடம் குளிச்சாச்சா என்று கேட்டார்கள். பூரணம் விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினாள். ஜெரினா சொன்னபடி முதல் கட்டத்தில் பூரணம், கடைசிக் கட்டத்திலும் பூரணம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, யாரோ வாசலில் நின்று ரெண்டு தடவை கூப்பிட்ட மாதிரி. அம்மா அப்படித்தான் கூப்பிடுவாள், பூரணம், ஏ பூரணம். அடுத்தது அவருடையது. அந்த நீளமான பேரை ரெண்டு தடவை குத்தி முடிப்பதற்குள் குக்கர் ஒரு விசில் அடித்துவிட்டது. கோமதிநாயகம் கோமதிநாயகம். பேரே இப்போது பஸ் மாதிரி நீளமாக நிற்கிறது, முன்படி ஒன்று பின்படி ஒன்று.

மேலே மூலையில் சின்னதாக ஒரு நேரம் ஓடிக்கொண்டிருந்தது, முன்னால் ஓடவில்லை, குறைந்துகொண்டே வந்தது. அதுக்குள்ள முடிக்கலேன்னா மறுபடி முதல்ல இருந்து மதினி என்று ஜெரினா சொன்னது இதுதான் போல. முதலிலிருந்து என்றால் அதற்குள் அவர் அங்கே போய்ப் பணத்தை எடுத்து நீட்டிவிடுவாரே. டைலர் கடை திறந்திருக்குமா. திறந்திருந்தால் அரைமணி நேரம் போகும். இல்லையென்றால். விரல் அவசரத்தில் தவறான இடத்தில் பட்டு, சாப்பாடு வேண்டுமா என்று ஒரு பக்கம் வந்து நின்றது, ஏதோ ரொட்டி, ஏதோ சிவப்பாகக் குழம்பு. சாப்பாடு என்றதும் சிவனு ஞாபகம் வந்துவிட்டது, அண்ணாச்சி டூரில் கூடவே வருகிற சமையல்காரர். அதைக் குறைசொல்ல முடியாது, நாக்கு அழுகிப்போகும். காசியில் குளிர் எலும்பைப் பிடித்துக்கொண்டிருந்த காலை நேரத்தில், ஊர் பேர் தெரியாத ஒரு மடத்துக் கொல்லையில், சிவனு மிளகு ரசம் வைத்து டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தாரே, அதைக் குடித்துவிட்டு உப்புக்கடைக்காரர் சம்சாரம் அழுதேவிட்டாள், எங்க அம்மா கையில குடிச்ச மாதிரி இருக்கு என்று. பொம்பிளைகள் எல்லாரும் ஒரே அறையில் படுத்து, விடிய விடியப் பேச்சு, ஒருத்தி குறட்டையை இன்னொருத்தி பாடிக் காட்ட, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஒருத்தி பையைத் தொலைத்துவிட்டு நின்றபோது அண்ணாச்சி ஒரு கத்துக் கத்தினார், பை தானாக நடந்து வந்த மாதிரி வந்து சேர்ந்தது. எல்லாருக்கும் ஆரஞ்சுத் தொப்பி, தொப்பியில் கம்பெனி பேர், பிளேன் படிக்கட்டுக்குக் கீழே பேனரை விரித்துப் பிடித்துக்கொண்டு போட்டோ. இதெல்லாம் தனியாகப் போனால் கிடைக்குமா. கிடைக்காது. கிடைக்காதுதான். பின்னே என்ன வேண்டும் உனக்கு, பூரணம்? ஏ பூரணம்?

அந்தக் கேள்வியில் வந்துதான் எப்போதும் முள்ளில் சேலை மாட்டினது மாதிரி நின்றுவிடுகிறது. அண்ணாச்சி டூரில் ஒரு சட்டம், லேடீஸ் லேடீஸோடு, ஜென்ட்ஸ் ஜென்ட்ஸோடு. பஸ் என்றாலும் அப்படித்தான், ரயில் என்றாலும் அப்படித்தான், அதுதான் மரியாதை, அதுதான் ஒழுங்கு. பிளேனிலும் சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு அண்ணாச்சி ரேஷன் கடை மாதிரிப் பிரித்துக் கொடுத்தார். பூரணத்துக்கு நடுச்சீட்டு. இந்தப் பக்கம் உப்புக்கடைக்காரர் சம்சாரம், வாந்தி வரும் என்று கையில் எலுமிச்சம்பழத்தோடு கண்ணை மூடிவிட்டாள். அந்தப் பக்கம் ஜன்னலோரம் யாரோ ஒரு தடியன், காதில் வயரைச் சொருகிக்கொண்டு, உட்கார்ந்த உடனே ஜன்னல் கதவை இழுத்துச் சாத்திவிட்டுத் தூங்கிப் போனான். பிளேன் மேலே போனது வயிற்றுக்குத்தான் தெரிந்தது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தம்பி, கொஞ்சம் தொறக்கியாப்பா என்று கேட்க வாய் வரவில்லை. அவள் என்ன பார்த்தாள் என்றால், முன்னால் எத்தனையோ வரிசை தள்ளி ஒரு ஆரஞ்சுத் தொப்பி தெரிந்ததே, அதைப் பார்த்தாள். அவருடைய தொப்பி. அவருக்கு ஜன்னல் கிடைத்திருந்தது. அந்தத் தொப்பி ஜன்னல் பக்கம் சாயும், நிமிரும், மறுபடி சாயும். வாரணாசி வருகிற வரைக்கும் அவள் பார்த்த ஆகாயம் அந்தத் தொப்பிதான். இறங்கினதும் ஆசை ஆசையாகக் கேட்டாள், கீழ என்னங்க தெரிஞ்சுது? “ஒண்ணுமில்ல, மேகம்” என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியை எண்ணப் போய்விட்டார். ஒண்ணுமில்லையாம், மேகமாம். அவள் அன்றைக்குப் பூராவும் அவரோடு பேசவில்லை, அவர் அதைக் கவனிக்கவும் இல்லை, லேடீஸ் தனியாகத்தானே இருந்தார்கள்.

சாப்பாடு வேண்டாம் என்று குத்தினாள், பக்கம் மாறியது, பிளேனை மேலிருந்து அறுத்து வைத்த மாதிரி ஒரு படம் வந்தது, சின்னச் சின்னக் கட்டங்கள், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, நடுவில் நடைபாதை. ஆள் வந்துவிட்ட கட்டமெல்லாம் சாம்பல் நிறம். ரெக்கைக்குப் பக்கம் வேண்டாம், ரெக்கை மறைக்கும் என்று ஜெரினா சொல்லியிருந்தாள். பூரணம் படத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பின்னால் போனாள், பஸ்ஸுக்குள் இடம் தேடி நடப்பது மாதிரியே இருந்தது, கால்கூடத் தானாக அசைந்தது. கல்யாணமான புதிதில் புளியங்குடிக்கு அம்மா வீட்டுக்குப் போவதென்றால் அவருடைய வண்டியில்தான் போவாள். புருஷன் வண்டி. மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு ஏறி, ரெண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொள்வாள், யாராவது கேட்டால் ஆள் வாராங்க என்பாள். ஆள்தான் வந்தார், தோளில் தோல் பையும் வாயில் விசிலுமாக. வந்து, முன்னே பின்னே பார்த்திராதவரைப் போல, டிக்கெட் டிக்கெட் என்று கையை நீட்டினார். அவள் விழித்தாள். “எங்க போணும்?” என்றார், கண்ணுக்குள் மட்டும் சிரிப்பு. அவளும் விடவில்லை, “அம்மா வீட்டுக்கு” என்றாள். பின்சீட்டுக்காரன் சிரித்துவிட்டான். டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் வைத்து, ஒரு நொடி அதிகமாக அழுத்தினார், காசைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தோல் பைக்குள் போட்டார். அந்த ஒரு நொடியைத் தின்றுகொண்டே புளியங்குடி போய்விடுவாள். ஆனால் உட்கார்ந்ததில்லை. ஒரே ஒரு நாள், வண்டி காலியாகிவிட்ட ஒரு மத்தியானம், வந்து பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார், உட்கார்ந்தார் என்று சொல்வதே பெரிசு, பாதிதான் சீட்டில் இருந்தது, அதற்குள் அடுத்த ஸ்டாப்பில் நாலு ஆட்டுக்குட்டியோடு ஒரு கிழவி கையைக் காட்டினாள். எழுந்து போய்விட்டார். அந்தக் கிழவி நன்றாக இருக்கட்டும், அந்த ஆடுகளுக்குத்தான் வேற பஸ் கிடைக்கவே கூடாதா.

அதற்குப் பிறகு எங்கே. கல்யாண வீட்டுப் பந்தியில் ஆம்பிளைகள் ஒரு வரிசை, சினிமாவுக்குப் போனால் அவள் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள், மகளுக்கு அந்தப் பக்கம் அவர், ஸ்கூட்டரில் போனால் அவருடைய முதுகு. முதுகும் நல்ல முதுகுதான், மழைக்கு மறைப்பு. ரிட்டயர் ஆனபிறகு பாஸ் கொடுத்தார்கள், இனிமேலாவது என்று நினைத்தாள், வண்டியில் ஏறினால் இடம் கிடந்தாலும் உட்கார மாட்டார், நேராகப் போய் அந்தக் கண்டக்டர் பையனிடம் நின்றுகொண்டு, கலெக்சன் எப்படித் தம்பி, எந்த டிப்போ, பழைய மேனேஜர் இருக்காரா என்று இறங்குகிற வரைக்கும் பேச்சு. அவள் பக்கத்தில் எப்போதும் ஒரு பை. மணவறையில் பக்கத்தில் உட்கார்ந்தது கணக்கில் சேராது, அது எங்கேயும் போகவில்லை, புகைதான் கண்ணில் போனது. சரி, அதுதான் ஆசை, வேறொன்றும் இல்லை, தாஜ்மகாலும் இல்லை ஹரித்துவாரும் இல்லை, ஜன்னலோரம் ஒருத்தி, பக்கத்தில் ஒருத்தர், வழியில் ஸ்டாப்பே இல்லாத வண்டி. மனசுக்குள் முழுசாகச் சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு இலேசாக வந்தது. பின்னால் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், சாம்பல் படாத இடத்தில், ஜன்னலோரக் கட்டத்தைத் தொட்டாள். பச்சையானது. அடுத்த கட்டத்தைத் தொட்டாள். அதுவும் பச்சையானது. ரெண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. இந்த ரெக்சின் சீட்டின் பச்சைதான், கொஞ்சம்கூட மாற்றமில்லை.

அதற்கப்புறம் பயம் வந்தது, சொல்லி வைத்த மாதிரி. தேதி சரியா. மதுரையிலிருந்து டெல்லியா, டெல்லியிலிருந்து மதுரையா, மாற்றிப் போட்டிருந்தால் பிளேன் அங்கே நிற்கும் நாம் இங்கே நிற்போம். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது, மறுபடி பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. ஏர்போர்ட்டில் எந்த வாசல் என்று யார் சொல்வார். காசிக்குப் போனபோது கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி முன்னால் போனார், கோழிக்குஞ்சு மாதிரிப் பின்னாலேயே போனோம். இப்போது இவர் ஏதோ ஒரு மூலையில் எவனோடாவது பேச நின்றுவிட்டால் தலையை யார் எண்ணுவது. ரெண்டே தலைதானே, பூரணம், ரெண்டு தலையை எண்ணத் தெரியாதா உனக்கு? ஒன்றும் இல்லாவிட்டால் கையைப் பிடித்துக்கொள்ளலாம். கையையா? நடு ஏர்போர்ட்டிலா? ஏன், தொலைந்து போகாமலிருக்கத்தான் பிடித்தேன் என்றால் யார் என்ன சொல்லப்போகிறார்கள். அந்த யோசனை வந்ததும் பயம் பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டது. தொலைந்து போவதில் இப்படியும் ஒரு வசதி இருக்கிறது போல. குக்கர் இன்னொரு விசில் அடித்தது. எழுந்து அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிவந்தாள். மூலை நேரம் சிவப்பாகியிருந்தது.

கார்டு எண்களை, முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்றுச் சேர்த்த பணம் இருக்கிற தன் சொந்தக் கணக்கின் எண்களை, ஒவ்வொன்றாகக் குத்தினாள். கடைசிப் பொத்தானைத் தொட்டாள். ஒரு வட்டம் சுற்றியது. உங்கள் போனுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே போடவும் என்று வந்தது. பூரணம் போனைப் பார்த்தாள். போன் அவளைப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள், வரவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கணக்குத் தொடங்குகிற அன்றைக்குப் பேங்கில் போன் நம்பர் கேட்டபோது, இவளுக்கு ஏது போன், என் நம்பரைப் போடுங்க என்று அவர்தானே சொன்னார். இந்தத் தெருவில் எந்தப் பொம்பிளைக் கணக்கை எடுத்தாலும் புருஷன் நம்பர்தான் இருக்கும். அந்த எண் இப்போது அவருடைய பட்டன் போனில், அவருடைய சட்டைப் பையில், தளவாய் அண்ணாச்சியின் ஆபீசில் போய் டிங் என்று விழுந்திருக்கிறது. திருடப் போனவள் வீட்டுக்காரனிடமே சாவி கேட்க வேண்டியதாகிவிட்டது. விட்டுவிடலாமா. விட்டால் வட்டம் நின்றுவிடும், பச்சைக் கட்டங்கள் சாம்பலாகிவிடும், தொப்பி போட்டுக்கொண்டு உப்புக்கடைக்காரர் சம்சாரத்தோடு எலுமிச்சம்பழ வாசத்தில் போய்வரலாம், அதுவும் நல்லாத்தான் இருக்கும். விரல் அதற்குள் அவர் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டிருந்தது.

“என்னட்டி, இப்பத்தான் வந்து உக்காந்தேன். அந்த டைலர் விடமாட்டேன்னுட்டான்.”

“பணத்தக் குடுத்துட்டீங்களா?”

“ஃபாரம் எழுதிக்கிட்டு இருக்கோம். ஏன், என்ன?”

“உங்க போன்ல ஒரு மெசேஜ் வந்திருக்கும், பாருங்க.”

“ஆமா, டிங்குன்னுது. பேங்குல இருந்து. எவனோ ஒரு திருட்டுப் பய ஒன் கணக்குல கைய வைக்கான் போலுக்கு. இங்ஙன அண்ணாச்சிகிட்ட அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

“திருடன் இல்லங்க. நான்தான்.”

“நீயா? என்னத்த வாங்குத?”

“பிளேன் டிக்கெட்டு. டெல்லிக்கு. ரெண்டு பேருக்கும். அந்த நம்பரச் சொல்லுங்க, நேரம் ஓடுது.”

“ஏ மூதி! ராத்திரி அவ்வளவு தூரம் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. அதே டெல்லிதானே, அதே பிளேன்தானே? அப்பம் எதுக்குட்டி தனியாப் போடுத?”

பக்கத்து வீட்டுத் தறி பொசுக்கென்று நின்றது. நூல் அறுந்திருக்கும். வீடெல்லாம் ஒரே நிசப்தம், தன் குரல் எங்கேயிருந்தோ வருவது மாதிரி அவளுக்கே கேட்டது.

“உங்க பக்கத்துல உக்காந்து போணும். ஜன்னல் ஓரத்துல. அவ்வளவுதான்.”

சொல்லியாயிற்று. காது, கன்னம், கழுத்து எல்லாம் கொதித்தது. அவருடைய பட்டன் போன் ஊருக்கே கேட்கிற போன், ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள், இனி கோவிலுக்குப் போகிற வழியை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அவருக்குப் பின்னால் அண்ணாச்சி குரல், “கோமதியாபிள்ள, பேர எழுதவா வேண்டாமா?” என்றது. “பொறும்வே” என்றார் அவர். நாற்காலி நகருகிற சத்தம், நடக்கிற சத்தம், தெருச் சத்தம். வெளியே வந்துவிட்டார் போல. குரலை இறக்கிப் பேசினார்.

“ஏளா. அந்தக் காசி போனப்பம் ஜன்னல் எனக்குத்தான் கெடச்சுது.”

“தெரியும். மேகம்னீங்க.”

“மேகம் இல்லட்டி. கொஞ்ச நேரத்துல மேகமெல்லாம் வெலகிட்டு. கீழ ஒரு ஆறு. அம்மாடி, வெயில்ல தகதகன்னு, வளைஞ்சு வளைஞ்சு, ஒன் ஒட்டியாணம் மாதிரி. ஏளா, இந்தா பாருன்னு சொல்லிக்கிட்டே திரும்பிட்டேன். பாத்தா பக்கத்துல சிவனு. வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குதாரு. சவத்த, அதுக்கு மேல என்னத்தப் பாக்க? ஒன்கிட்ட வந்து என்னன்னு சொல்ல?”

பூரணம் உளுந்து டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “நம்பரு” என்றாள்.

“கவனமாக் கேளு, ஒரு தடவதான் சொல்லுவேன்” என்றார், அதன்பிறகு வந்தது அவருடைய பழைய பஸ் குரல், ஊர் பேர்களை ராகம் போட்டு இழுக்கிற குரல், கரிவலம்வந்தநல்லூரை ஒரே மூச்சில் சொல்கிற குரல், அந்த எண்களை ஒவ்வொரு ஸ்டாப்பாக நிறுத்தி நிறுத்திச் சொன்னது. அவள் ஒவ்வொன்றாகக் கட்டத்துக்குள் இறக்கிவிட்டாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. சங்கரநாராயணா, சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் பச்சையாக ஒரு டிக் அடித்துக்கொண்டு வந்து நின்றது, பூரணம் பூரணம், கோமதிநாயகம் கோமதிநாயகம், ஒன்றன் கீழ் ஒன்றாக.

“வந்துட்டுங்க.”

“டிக்கெட்டா? கிழிக்காமயா?” என்றார். “எனக்கு எந்த எடம்?”

“நடுவுல. ஜன்னல் எனக்கு. ஆனா ஒண்ணு, பாதியில எந்திரிச்சுப் போயி அந்தப் பிள்ளைககிட்ட எந்த டிப்போ, கலெக்சன் எப்படின்னு பேசிக்கிட்டு நிக்கப்பிடாது.”

“எங்கிட்டு எந்திரிக்க? அவன்தான் வாரப் போட்டு இடுப்போட கட்டிப்புடுவான்லா.”

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடித்தது. ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்ட அண்ணாச்சி, “கோமதிநாயகம் மேடம் நம்மள விட்டுக் கழண்டுட்டாவளா? மைனிகிட்டச் சொல்லும், அடுத்த டூர்ல இருந்து ஜோடி ஜோடியாத்தான் சீட்டு, நம்ம வீட்டுலயும் ராத்திரியிலருந்து இதே பாட்டுத்தான்” என்று கத்துவது இவளுக்கு இங்கே கேட்டது. “ரசத்துக்கு மட்டும் சிவனுவக் கூட்டிட்டுப் போறோம்னு சொல்லுங்க” என்றாள் பூரணம். அவர் அதைச் சொன்னாரா என்னவோ, போனை வைப்பதற்கு முன்னால், நாக்கை மடித்து, வண்டியைக் கிளப்புகிறதற்கு அடிப்பாரே அந்த ரெட்டை விசிலை, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி நீளமாக அடித்தார்.

பக்கத்து வீட்டில் நூலை முடிந்துவிட்டார்கள், தறி மறுபடி ஓடத் தொடங்கியது. பூரணம் உளுந்து டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தாள். பச்சைச் சீட்டின் நடுவிலிருந்து நகர்ந்து நகர்ந்து ஜன்னல் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள், பக்கத்து இடத்தை முந்தானையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு.